நல்லர்போரா, ஸ்டூவர்ட்டா, உட்னடாட்டாவா? பறக்கும் டாக்டருக்காக ஒரு சைக்கிள் பயணம்

தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எங்கள் சைக்கிள் குழுவில் ஏழு பேர். அடுத்த குளிர்காலத்தில் (இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை), தொலைதூர நோயாளிகளை விமானத்தில் போய்ப் பார்க்கும் ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸுக்கு நிதி திரட்ட, ஆள் நடமாட்டம் குறைந்த உள்நாட்டு வறண்ட வெளியான அவுட்பேக் வழியாக ஒரு நீண்ட பயணம் போவது என்று பேசி முடித்தாகிவிட்டது. எந்த வழியில் என்பதில்தான் மூன்று மாதமாக இழுபறி. ஒருவருக்கு நல்லர்போர்தான் வேண்டும். இன்னொருவர் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். இளையவர்கள் இரண்டு பேர் தார் ரோடே வேண்டாம், உட்னடாட்டா மண்பாதையில் போகலாம் என்கிறார்கள். வாட்ஸாப்பில் துண்டு துண்டாகப் பேசி அலுத்துப்போய், எனக்குத் தெரிந்ததையும் நான் நினைப்பதையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவினாலும் நல்லது.

எதை வைத்து எடை போடுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ரோட்டில் நம்மில் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார், எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வந்து சேர்வார்கள்? அழகு, தூரம், பெருமை எல்லாம் இதற்கு அப்புறம்தான். பறக்கும் டாக்டருக்காகப் பணம் திரட்டப் போனவர்களே அந்த விமானத்தை வரவழைத்தால், திரட்டிய பணத்தில் பாதி நமக்கே செலவான மாதிரிதான். நம்மைத் தூக்கிப் போக அது இறங்கும் நேரத்தில் ஏதோ ஒரு மாட்டுப் பண்ணையில் மூச்சுத் திணறும் குழந்தையோடு ஒரு தாய் காத்திருக்கலாம். விபத்து யாருக்கும் வரும், அதில் குற்றம் இல்லை. ஆனால் வழியைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த வாய்ப்பைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

இந்தச் சேவைக்கும் பெடலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் கனவு கண்டு, 1928 மே 17 அன்று குயின்ஸ்லாந்தின் க்ளோன்கரியிலிருந்து முதல் விமானம் நோயாளியைப் பார்க்கக் கிளம்பியது. விமானம் வந்துவிட்டது, சரி. முந்நூறு கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருக்கும் பண்ணைக்காரர் டாக்டரை எப்படிக் கூப்பிடுவார்? அங்கே மின்சாரம் கிடையாது. அதற்கு அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ட்ரெகர் ஒரு வழி கண்டுபிடித்தார். சைக்கிள் பெடல் பூட்டிய சிறிய ஜெனரேட்டர். நாற்காலியில் உட்கார்ந்து மிதித்தால் சுமார் 20 வாட் மின்சாரம் வரும். அதில் ரேடியோ ஓடும். 1929இல் முதல் பெடல் ரேடியோக்கள் பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வீட்டுப் பெண்கள் மிதித்துக்கொண்டே தந்தி அடித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய 20 டாலர் நோட்டில் ஃப்ளின்னின் முகம் இருக்கிறது. இந்தக் காரியத்துக்கு சைக்கிளைத் தவிர வேறெதுவும் எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

நல்லர்போரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் நான் ஓட்டியிருக்கிறேன். மேற்கே நார்ஸ்மனிலிருந்து கிழக்கே செடூனா வரை ஏர் நெடுஞ்சாலையில் சுமார் 1,200 கிலோமீட்டர். 1976இலிருந்து முழுவதும் தார் ரோடு. பெயரைக் கேட்டால் ஒரு மரம்கூட இல்லாத பூமி என்று தோன்றும். லத்தீனில் அந்தப் பெயருக்கு அதுதான் பொருள். ஆனால் நெடுஞ்சாலை உண்மையான வெற்றுச் சமவெளியின் தென் விளிம்பை ஒட்டித்தான் போகிறது. நல்லர்போர் ரோடுஹவுஸ் (நெடுஞ்சாலையோரத் தங்குமிடம்) பக்கத்தில் கொஞ்ச தூரம் தவிர, மற்ற இடமெல்லாம் இரண்டு பக்கமும் குட்டை மரங்களும் புதர்களும் இருக்கும். இல்லாதது தண்ணீர்தான். சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும். ஓடை, குளம், ஆறு எதுவும் கண்ணில் படாது.

பாலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே ரோடு 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகப் போகும். காரில் போனால் ஒன்றரை மணி நேரம். எனக்கு அது இரண்டு நாள், இரண்டாம் நாள் முழுக்க எதிர்க்காற்று. மேற்கிலிருந்து கிழக்கே போனால் குளிர்காலத்தில் காற்று முதுகில் இருக்கும் என்பதை நம்பித்தான் போனோம். பெரும்பாலான நாள் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு மட்டும் கிழக்கிலிருந்து அடித்தது. மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம். தலையைக் குனிந்து முன் டயரையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். பின்னால் ரோட்டு ரயில், அதாவது பல டிரெய்லர் கோத்த நீண்ட லாரி, வரும் சத்தம் எதிர்க்காற்றில் கேட்கவே கேட்காது. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் முதலில் ஒரு வெள்ளிப் புள்ளி தெரியும். அது பெட்டி வடிவம் ஆவதற்குள் சரளையில் இறங்கி நின்றுவிட வேண்டும். மூன்று டிரெய்லர் கோத்த லாரிக்கு 53.5 மீட்டர் நீளம். அது கடந்துபோகும்போது காற்று முதலில் நம்மை வெளியே தள்ளும், கடைசி டிரெய்லர் தாண்டியதும் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

நல்லர்போரின் பெரிய பலம் ரோடுஹவுஸ்கள். பெட்ரோல், சூடான சாப்பாடு, குளியல், படுக்கை எல்லாம் ஒரே கூரையின் கீழ். நீளமான இடைவெளி நார்ஸ்மன் முதல் பாலடோனியா வரை, சுமார் 190 கிலோமீட்டர். பார்டர் வில்லேஜுக்கும் நல்லர்போர் ரோடுஹவுஸுக்கும் நடுவிலும் ஏறத்தாழ அவ்வளவு. நடுவில் சில இடங்களில் 65, 90 கிலோமீட்டருக்கே அடுத்தது வந்துவிடும். குழாய்த் தண்ணீரை நம்பிப் போகாதீர்கள், அங்கே குடிதண்ணீர் விலை கொடுத்து வாங்குகிற பொருள். கிழக்கே வரும்போது செடூனாவில் பழம், காய்கறி சோதனை உண்டு. மிச்சமிருக்கும் ஆப்பிளை அதற்கு முன்பே தின்று தீர்த்துவிட வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஹெட் ஆஃப் பைட்டில் கடலோரப் பாறை முகட்டிலிருந்து திமிங்கிலங்களைப் பார்க்கலாம். தாயும் கன்றும் கரையை ஒட்டி மிதந்துகொண்டிருந்ததை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். சைக்கிளில் ஏறவே மனம் வரவில்லை.

அப்படியென்றால் ஏன் நல்லர்போர் வேண்டாம் என்கிறேன்? இரண்டு காரணம். ஒன்று, நார்ஸ்மனுக்கும் செடூனாவுக்கும் நடுவே நெடுஞ்சாலையில் ஆஸ்பத்திரியே கிடையாது. அந்த ரோட்டிலேயே சில இடங்களில் பறக்கும் டாக்டர் விமானம் இறங்குவதற்காகக் கோடு போட்டு, பலகை வைத்திருக்கிறார்கள். தார் ரோடே ஓடுதளம். முதல் தடவை பார்க்கும்போது சிலிர்க்கும். ஆனால் ரோட்டிலேயே விமானத்தை இறக்க வேண்டிய அளவுக்கு அந்த இடம் தனிமையானது என்பதுதான் அதற்குப் பொருள். இரண்டு, துணை வண்டி. நாங்கள் இருப்பது அடிலெய்டில். வண்டியை நார்ஸ்மன் வரை கொண்டுபோகவே சுமார் 2,000 கிலோமீட்டர். அதாவது ஓட்டுநர் நல்லர்போரை இரண்டு முறை கடக்க வேண்டும். ஏழு சைக்கிளையும் பெட்டியில் கட்டி விமானத்தில் அனுப்புவது தனிச் செலவு. இதே பயணத்தை பெர்த்தில் இருக்கும் ஒரு குழு யோசித்தால் என் பதில் வேறாக இருக்கும்.

இனி ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. வடகோடியில் டார்வின் வரை முழுவதும் போனால் 2,700 கிலோமீட்டருக்கு மேல். எங்களில் யாருக்கும் அவ்வளவு விடுப்பு கிடையாது. நான் சொல்வது போர்ட் அகஸ்டாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை, சுமார் 1,225 கிலோமீட்டர். தூரத்தில் நல்லர்போருக்குச் சமம். அடிலெய்டிலிருந்து போர்ட் அகஸ்டா 300 கிலோமீட்டர் சொச்சம்தான், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

இதன் பலவீனத்தை மறைக்க விரும்பவில்லை. கிளெண்டாம்போவிலிருந்து கூபர் பெடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்குக் கடை இல்லை, வீடு இல்லை, பெட்ரோல் இல்லை. நல்லர்போரில் இவ்வளவு நீளமான இடைவெளி கிடையாது. மார்லாவிலிருந்து குல்கெரா வரை இன்னொரு 180. சுமையோடு தனியாக ஓட்டுகிறவருக்குக் கிளெண்டாம்போ தாண்டி மூன்று நாள் ஆகும். குளிர்காலத்திலேயே குடிக்க, சமைக்க, கழுவ ஒரு நாளைக்கு ஆறேழு லிட்டர் என்று வைத்தால் 20 லிட்டர், அதாவது 20 கிலோ, கேரியரில் ஏற்ற வேண்டும். பின் சக்கரத்தின் கம்பிகள் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். நல்லர்போரில் எனக்கு மூன்று கம்பி அடுத்தடுத்து ஒடிந்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்புதான் ஒரு கடையில் புதிதாகக் கட்டி வாங்கிய சக்கரம் அது. அதனால் சொல்கிறேன், புதுச் சக்கரத்தோடு கிளம்பாதீர்கள், முழுச் சுமையோடு ஐந்நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்த சக்கரத்தோடு கிளம்புங்கள்.

இன்னொன்று, கிளெண்டாம்போவைச் சுற்றியும் அதற்கு வடக்கேயும் ரோடு வூமெரா தடைப் பகுதிக்குள் போகிறது. ராணுவச் சோதனை நடக்கும் நிலம். நெடுஞ்சாலையில் போக அனுமதிச் சீட்டு தேவையில்லை, ஆனால் ரோட்டை விட்டு உள்ளே போய்க் கூடாரம் அடிக்கக் கூடாது. ரோட்டோர ஓய்விடங்களில்தான் தங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு நாளும் எங்கே நிற்போம் என்பதை முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

சரி, பலம் என்ன? நான் கேட்ட அந்த முதல் கேள்விக்கு இந்த ரோடு மற்ற இரண்டையும் விட நல்ல பதில் சொல்கிறது. தொடங்குகிற போர்ட் அகஸ்டாவில் ஆஸ்பத்திரியும் பறக்கும் டாக்டரின் தளமும் இருக்கின்றன. 535 கிலோமீட்டர் தாண்டி கூபர் பெடியில் ஆஸ்பத்திரி. மார்லாவில் பறக்கும் டாக்டர் சேவையே நடத்தும் சிறிய மருத்துவ நிலையம். முடிகிற ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பெரிய ஆஸ்பத்திரி, இன்னொரு தளம். ஒரு கை எலும்பு முறிவு, ஒரு வயிற்றுப்போக்கு, ஒரு காய்ச்சல் என்றால் நம் வண்டியிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். விமானத்தைக் கூப்பிட வேண்டிய அவசியம் பெருமளவு குறைகிறது. நாங்கள் திரட்டும் பணம் எந்தப் பகுதிக்குப் போகிறதோ அந்தப் பகுதியின் ஊடாகவே ஓட்டுகிறோம் என்பதும் எனக்கு முக்கியம். கூபர் பெடியில் பாதிப்பேர் வெயிலுக்குப் பயந்து பூமிக்கடியில் குடைந்த வீடுகளில் இருக்கிறார்கள். 1915இல் ஓப்பல் கல் கிடைத்ததிலிருந்து சுரங்கம் தோண்டுகிற ஊர். சுரங்கத்தில் விழுந்தவரை, பிரசவம் சிக்கலானவரை அடிலெய்டுக்கு எப்படிக் கொண்டுபோவார்கள் என்று அங்கே யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஊரில் ஒரு மாலை உட்கார்ந்து பேசுவதற்காகவே ஒரு நாள் ஓய்வு வைத்திருக்கிறேன்.

தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் சரி என்பது என் கருத்து. குளிர்காலத்தில் நடு ஆஸ்திரேலியாவில் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வரும். தெற்குப் பாதியில் அதற்கு உத்தரவாதம் இல்லை, மழைமேகம் வருவதற்கு முன் வடக்கிலிருந்து அடித்து ஓட்டுகிறவர் பொறுமையைச் சோதிக்கும். ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பகல் 20 டிகிரி, இரவு 4 டிகிரி அல்லது அதற்கும் கீழே. ஓட்டுவதற்கு அற்புதமான பகல், ஆனால் நல்ல தூக்கப்பை இல்லாவிட்டால் விடியும்வரை பல் கிட்டித்துவிடும். 1897இல் ஜெரோம் மியூரிஃப் என்பவர் அடிலெய்டிலிருந்து மார்ச்சில் கிளம்பி மே மாதம் டார்வினுக்குச் சைக்கிளிலேயே போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஆர்தர் ரிச்சர்ட்சன் கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்கு 31 நாளில் வந்திருந்தார், கோடை வெயிலில், கையில் ஒரு தண்ணீர்ப் பையோடு. அன்றைக்கு விழுந்தால் தேடி வர யாரும் இல்லை. அவர்களை நினைத்துக்கொண்டு ஓட்டலாம், அவர்களைப் போல ஓட்ட வேண்டியதில்லை.

உட்னடாட்டா பாதையைப் பற்றி எழுதும்போது எனக்கே மனம் இளகுகிறது. மரீயிலிருந்து மார்லா வரை சுமார் 615 கிலோமீட்டர், முழுக்க மண்ணும் சரளையும். பழைய கான் ரயில் பாதையை ஒட்டியே போகும். ரயில் அந்த வழியை 1980இல் விட்டுவிட்டது. தண்டவாளம் இல்லாத மேடுகளும், இடிந்த கல் நிலையங்களும், 1892இல் திறந்த அல்ஜிபக்கினா பாலமும் வெட்டவெளியில் நிற்கின்றன. ரயிலுக்கு முன்பு இங்கே சரக்கு சுமந்தவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டியவர்கள் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். ரயிலின் பெயரும் அவர்களிடமிருந்து வந்ததுதான் என்பார்கள். வழியில் பூமிக்கடியிலிருந்து வெதுவெதுப்பான நீர் தானாகக் குமிழியிடும் ஊற்றுகள் உண்டு. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் கட்டி தாண்டா உப்பு ஏரியின் தென்பகுதியும் உண்டு. ரோட்டு ரயில் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. மரீயிலும் மார்லாவிலும், இரண்டு முனையிலும், பறக்கும் டாக்டரின் மருத்துவ நிலையம் இருக்கிறது. பயணத்தின் நோக்கத்தோடு இவ்வளவு பொருந்தும் வழி வேறில்லை என்று இளையவர்கள் வாதாடுவதில் உண்மை இருக்கிறது.

ஆனால் அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே 200 கிலோமீட்டருக்கு ஒரு ஊர்: வில்லியம் கிரீக், அப்புறம் உட்னடாட்டா. ரோடு தகரக் கூரை போல மடிப்பு மடிப்பாக இருக்கும் இடங்களில் கை மரத்துப்போகும், கேரியர் திருகாணிகள் தானாகக் கழன்றுவிடும். ஏழு பேரில் மூன்று பேருக்கு மண் ரோட்டில் நீண்ட தூரம் ஓட்டிப் பழக்கமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக மழை. கொஞ்சம் பெய்தாலும் களிமண் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது. பாதையை மூடிவிடுவார்கள், மூடிய பாதையில் போனால் அபராதம். துணை வண்டியும் அப்படியே நின்றுவிடும். பல நாள் காத்திருக்க நேரலாம். விடுப்புக் கணக்கோடு போகிறவர்கள் அந்த நேரத்தில் அவசரப்பட்டுத் தப்பு செய்வார்கள். நேரம் தாராளமாக இருக்கும் நான்கு பேர், மண் ரோட்டில் பழகியவர்கள், அகலமான டயர், நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால் நானே கூட வருவேன். இந்த ஏழு பேருக்கு, முதல் பயணத்துக்கு, வேண்டாம்.

வடமேற்கே கிம்பர்லி பகுதியில் உள்ள கிப் ரிவர் ரோடும் பேச்சில் வந்தது. டெர்பியிலிருந்து 660 கிலோமீட்டர், பெரும்பாலும் மண். வறண்ட மாதங்களில் மட்டும் போகலாம், அப்போதும் பகல் 30 டிகிரிக்கு மேல். பென்டிகோஸ்ட் ஆற்றில் உவர்நீர் முதலைகள் உண்டு. அடிலெய்டிலிருந்து அங்கே போவதே ஒரு தனிப் பயணம். இந்த முறை அதைத் தள்ளிவைக்கலாம்.

துணை வண்டி வேண்டுமா, ஒவ்வொருவரும் தம் சுமையைத் தாமே சுமப்பதா என்பது அடுத்த சண்டை. தாமே சுமப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நன்கொடை கொடுப்பவர் நாம் சுமந்த கிலோவுக்காகக் கொடுப்பதில்லை. வண்டி இருந்தால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது. கிளெண்டாம்போ இடைவெளியின் பயமும் அதோடு போயிற்று. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: வண்டி சைக்கிளுக்குப் பின்னால் ஊர்ந்து வரக் கூடாது. 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கேரவனுக்கு அது நடுரோட்டில் நிற்கும் சுவர். 20 கிலோமீட்டர் முன்னால் போய், ரோட்டை விட்டு இறங்கிக் காத்திருந்து, கடைசி ஆள் வந்ததும் மறுபடி முன்னால் போக வேண்டும். வண்டியில் இருவழி ரேடியோ 40ஆம் சேனலில் இருக்கட்டும். லாரிக்காரர்கள் அதில்தான் பேசுவார்கள். "ஏழு சைக்கிள், வடக்கே போகிறோம்" என்று ஒருமுறை சொன்னால் போதும், அவர்களே அடுத்தவருக்குச் சொல்லிவிடுவார்கள். என் அனுபவத்தில் லாரிக்காரர்களைவிட, ஓய்வுபெற்றுப் புதிதாகக் கேரவன் வாங்கிக் கிளம்பியவர்களிடம்தான் அதிகக் கவனம் வேண்டும். அவர்களுக்குத் தங்கள் வண்டியின் அகலம் இன்னும் பழகியிருக்காது.

ஊர்களைத் தாண்டினால் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. அதனால் செயற்கைக்கோள் வழியாக அவசரச் சைகை அனுப்பும் பீக்கன் கருவி குழுவில் குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று முன்னால் போகிறவரிடம், ஒன்று கடைசி ஆளிடம். பதிவு செய்யக் கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அதை அழுத்த வேண்டும். செயின் அறுந்ததற்கும் களைப்புக்கும் அல்ல.

டயர் பற்றி ஒரு வார்த்தை. போன மாதம் பயிற்சிக்குப் போர்ட் அகஸ்டா பக்கம் போயிருந்தோம். ரோட்டோரம் சாப்பிட இறங்கி மறுபடி ஏறியதும் நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் பஞ்சர். குறடு வைத்துப் பிடுங்கிப் பார்த்தால் நெருஞ்சி முள். நம்மூர்த் தரிசில் செருப்பைத் துளைக்கும் அதே செடி, அதே மஞ்சள் பூ. எப்படிப் போட்டாலும் ஒரு முனை மேலே பார்த்து நிற்கும் அதே காய். ரோட்டை விட்டு இறங்கினால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போங்கள், உருட்டாதீர்கள். கெட்டியான டயரும், ஓட்டையைத் தானே அடைக்கும் பசையும் இல்லாமல் யாரையும் இந்தப் பயணத்தில் சேர்க்கப்போவதில்லை.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம், சைக்கிள் பழுது எல்லாம் எங்கள் சட்டைப்பையிலிருந்து. திரட்டுகிற ஒவ்வொரு டாலரும் சேவைக்கு நேராகப் போகும்படி, நன்கொடைப் பக்கத்தை அவர்கள் கணக்கோடே இணைக்க வேண்டும். அவர்கள் பெயரைப் போடுவதற்கு முன் எழுத்து மூலமாக அனுமதி வாங்க வேண்டும். 2 டாலரும் அதற்கு மேலும் கொடுப்பவர்கள் வரிக்கழிவு கேட்கலாம், அதற்கான ரசீது அவர்களிடமிருந்தே வரும். செலவுக் கணக்கில் பார்த்தாலும் ஸ்டூவர்ட் வழிதான் எங்களுக்குக் குறைவு. ஒரே வண்டி, விமானப் பயணம் இல்லை, திரும்பும்போது அதே ரோட்டில் இரண்டு நாள்.

ஆக, என் ஓட்டு போர்ட் அகஸ்டாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு. ஜூலை முதல் வாரம் கிளம்பி, நாளைக்கு 80 முதல் 90 கிலோமீட்டர், கூபர் பெடியில் ஒன்று, மார்லாவில் ஒன்று என இரண்டு ஓய்வு நாள், மொத்தம் 17 நாள். கடைசி நாள் ஊருக்குள் நுழைந்து ஸ்டூவர்ட் டெரஸில் இருக்கும் பறக்கும் டாக்டர் மையத்தின் வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைப்பதோடு பயணம் முடியும். முடிவாகாமல் இருப்பது வண்டிக்கு இரண்டாவது ஓட்டுநர் யார் என்பது. ஒரே ஆள் 17 நாள் ஓட்டிவிட்டு, அப்புறம் ஏழு சைக்கிளோடு 1,500 கிலோமீட்டர் திரும்பி ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஆள் கிடைக்கும்வரை தேதியை அறிவிக்க வேண்டாம் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன்.